கப்சாயும் அதன் பழைய விளம்பரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பா ஓட்டிய மோட்டார் சைக்கிள் வீட்டுப் பின்புறம் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. அது புதிதாக இருந்தபோது எப்படி இருந்தது என்று காட்டுவதற்கு ஒரு பழைய விளம்பரம்தான் மிச்சம். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இப்படித்தான் பலர் இந்த ஆசைக்குள் வருகிறார்கள். விளம்பரத்தைத் தேடுவது, அதன் வயதைக் கண்டுபிடிப்பது, கெடாமல் வைப்பது, அதைப் பார்த்து மோட்டாரைச் சரிசெய்வது ஆகியவை பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

"கப்சாய்" என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

ஹோண்டா "கப்" என்ற பெயரோடு, சிறியது என்று பொருள்படும் "சாய்" என்ற கேண்டனீஸ் சொல் ஒட்டிக்கொண்டது. பிறகு யமஹா, சுசுக்கி என்று எந்த நிறுவனத்தின் வண்டியாக இருந்தாலும், காலைத் தூக்கிப் போடாமல் ஏறி உட்காரக்கூடிய சின்ன மோட்டாருக்கெல்லாம் அதுவே பெயராகிவிட்டது.

சூப்பர் கப் விளம்பரங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு மதிப்பு?

அந்த வண்டி யாருக்காகச் செய்யப்பட்டது என்பதை அவை ஒளிக்காமல் சொன்னதுதான் காரணம். 1958 ஆகஸ்டில் ஜப்பானில் வெளிவந்த சூப்பர் கப் சி100, 49 சிசி இன்ஜினும் 4.5 குதிரைத்திறனும் கொண்ட வண்டி. கிளச் பிடி கிடையாது. ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டை ஏந்திக்கொண்டு மறுகையால் ஓட்டிப் போகும் கடைப் பையனை நினைத்தே அப்படி வடிவமைத்தார்கள். ஜப்பானிய விளம்பரங்களிலும் நூடல்ஸ் கொண்டு போகும் பையனே வந்தான். அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் என்றால் முரட்டு ஆசாமிகள் என்ற எண்ணம் இருந்தது. 1963-இல் கிரே விளம்பர நிறுவனம் அதை உடைத்தது. குடும்பப் பெண், மாணவன், முதியவர் எனச் சாதாரண மனிதர்களை வண்டியில் உட்கார வைத்து, ஹோண்டாவில் போனால் மிக நல்ல மனிதர்களைச் சந்திப்பீர்கள் என்ற வாசகத்தைப் போட்டது.

நம் பக்கத்துக் கதை பினாங்கிலிருந்து தொடங்குகிறது. பேருந்துத் தொழிலிலும் பழைய வாகன வியாபாரத்திலும் வளர்ந்த லோ பூன் சியூ, 1958-இல் மலாயாவுக்கான ஹோண்டா விநியோக உரிமையைப் பெற்றார். அதனால்தான் இங்கே கிடைக்கும் ஆரம்பகால ஹோண்டா விளம்பரங்கள் பலவற்றில் பினாங்கு முகவரி இருக்கிறது. அப்படி ஒன்று கையில் கிடைத்தால் விடாதீர்கள். ஜப்பானில் அச்சான ஆங்கிலக் கையேடு உலகம் முழுக்கக் கிடைக்கும். உள்ளூர் முகவரி அச்சிட்ட தாள் இந்த நாட்டில் மட்டும்தான் கிடைக்கும்.

தேதி இல்லாத விளம்பரம் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வண்டியின் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பழைய அச்சுக்கட்டையையே பல ஆண்டுகள் பயன்படுத்தியிருப்பார்கள். படத்தைச் சுற்றியுள்ள எழுத்தில்தான் தடயம் இருக்கிறது.

முதலில் நாட்டின் பெயர். "மலேசியா" என்று இருந்தால் அது பெரும்பாலும் 1963 செப்டம்பர் 16-க்குப் பிந்தியது. அடுத்து நிறுவனத்தின் பெயர். தனியார் நிறுவனத்தைக் குறிக்கும் செண்டிரியான் பெர்ஹாட் என்ற ஒட்டு 1965-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டத்தோடு வந்தது. வெறும் "லிமிடெட்" என்று முடிந்தால் அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். மலாய் வாசகம் இருந்தால் எழுத்துக்கூட்டலைக் கவனியுங்கள். 1972 ஆகஸ்டில் புதிய எழுத்துமுறை வந்தது. அதற்கு முன், நிறுவனம் என்று பொருள்படும் "ஷரிக்காட்" என்பதன் முதல் ஒலியை எஸ், எச் என்ற எழுத்துகளால் எழுதினார்கள். பிறகு எஸ், ஒய் என்று மாறியது. சகர ஒலிக்கு முன்பு சி, எச் என இரண்டு எழுத்து, பிறகு ஒற்றை சி. இந்த ஒரு சோதனையே பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும்.

முகவரியும் பேசும். கோலாலம்பூர் 1974 பிப்ரவரி 1-இல் கூட்டரசுப் பிரதேசமானது. அதற்கு முந்திய முகவரிகளில் சிலாங்கூர் என்று இருக்கும். அங்குள்ள ஒரே தெருவுக்கு "பத்து ரோடு" என்ற பெயர் இருந்தால் பழையது, "ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான்" என்றால் பிந்தியது. பினாங்கில் பிட் ஸ்ட்ரீட் பின்னாளில் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் ஆனது. இதில் ஒரு எச்சரிக்கை: கடைக்காரர்கள் பழைய தெருப்பெயரை விடாமல் பல காலம் அச்சிட்டார்கள். ஆகவே புதிய பெயர் இருந்தால் அதை உறுதியான சான்றாக எடுத்துக்கொள்ளலாம். பழைய பெயரை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

விலைக்கு முன்னால் டாலர் குறி இருந்தால் 1990-களுக்கு முந்தியது என்று பொதுவாகக் கொள்ளலாம். ரிங்கிட்டைக் குறிக்கும் ஆர்எம் என்ற குறியீடு பரவலானது அந்தப் பத்தாண்டில்தான். படத்தில் உள்ளவர் தலைக்கவசம் இல்லாமல் ஓட்டினால் 1973-க்கு முன் எடுத்த படமாக இருக்கலாம். அந்த ஆண்டில்தான் இங்கே தலைக்கவச விதி வந்தது. எண்பலகையும் உதவும். கோலாலம்பூருக்கு டபிள்யூ எழுத்து வந்தது கூட்டரசுப் பிரதேசமான பிறகு. அதற்கு முன் அங்கே பதிந்த வண்டிகளில் சிலாங்கூரின் பி எழுத்துதான்.

தமிழ் விளம்பரமாக இருந்தால் நமக்கு மட்டுமே புரியும் ஒரு தடயம் உண்டு. லை, னை, ணை ஆகியவை தும்பிக்கை வைத்த பழைய வடிவத்தில் இருக்கின்றனவா, றா, னா, ணா ஆகியவை சுழித்து எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசு ஏற்றது 1978-இல். இங்கே அது வழக்கத்துக்கு வந்தது அதற்குப் பிறகு. இரண்டு வடிவமும் ஒரே விளம்பரத்தில் கலந்து கிடந்தால் குழம்ப வேண்டாம். மாற்றம் நடந்துகொண்டிருந்த காலத்தில், அச்சகத்தில் இருந்த எழுத்தை வைத்துக் கோத்திருக்கிறார்கள் என்று பொருள்.

இப்படிப்பட்ட விளம்பரங்களை எங்கே தேடலாம்?

பணம் செலவழிக்கும் முன் இணையத்தில் தேடுங்கள். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தமிழ் முரசு உள்ளிட்ட பழைய நாளேடுகள் படமாக உள்ளன. அந்தக் கால ஏடுகள் தீபகற்பத்திலும் விற்றதால் கோலாலம்பூர், பினாங்குக் கடைகளின் விளம்பரங்களும் அவற்றில் கிடைக்கின்றன. சில பக்கங்களை நூலக வளாகத்தில் மட்டுமே பார்க்க முடியும். தேடுபெட்டியை மட்டும் நம்ப வேண்டாம். படத்துக்குள் இருக்கும் எழுத்தைக் கணினி தவறாகப் படிப்பதுண்டு. வண்டி விற்பனைக்கு வந்த ஆண்டைக் குறித்துக்கொண்டு, தீபாவளி, புத்தாண்டை ஒட்டிய வாரங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். வாழ்த்து விளம்பரங்கள் குவியும் காலம் அது. ஆங்கிலத்தில் தேடினால் மோட்டார், சைக்கிள் இரண்டையும் பிரித்தும் சேர்த்தும் தட்டிப் பாருங்கள்.

1924-இல் தொடங்கி 2019 வரை வந்த தமிழ் நேசனின் பழைய இதழ்களுக்கு, ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்தில் விசாரியுங்கள். கையால் தொட்டுப் பார்த்து வாங்க பினாங்கின் லோரோங் கூலிட் சந்தையும், பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலின் வார இறுதிச் சந்தையும் உண்டு. லோரோங் கூலிட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள்.

எனாமல் விளம்பரத் தகடு ஒன்றை அசல் என்று சொல்லி விற்கிறார்கள். எப்படிச் சோதிப்பது?

அசல் எனாமல் என்பது இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடித் தூளைப் பூசி 800 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டது. ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகப் பூசிச் சுடுவார்கள். அதனால் கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் எழுத்தின் ஓரத்தைத் தடவினால் சிறு மேடு தட்டும். 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். நிறம் சின்னச் சின்னப் புள்ளிகளாகச் சிதறித் தெரிந்தால் அது அச்சு, எனாமல் அல்ல. காந்தம் ஒட்ட வேண்டும், கனமாகவும் இருக்க வேண்டும்.

துருவைத்தான் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். உண்மையான பழைய தகட்டில் ஆணித்துளையைச் சுற்றித்தான் முதலில் எனாமல் பெயரும். ஆணி அடித்தபோதே அங்கே கண்ணாடி விரிசல் விட்டிருக்கும், மழைநீர் அந்த வழியாக இறங்கியிருக்கும். பெயர்ந்த இடத்தின் ஓரம் கண்ணாடிச் சில்லுபோல் கூர்மையாகவும், நடுவே இரும்பு கருத்தும் இருக்கும். துளைகள் புத்தம் புதிதாகப் பளபளக்க, தகட்டின் நடுவில் மட்டும் வட்ட வட்டமாகச் செந்துரு இருந்தால், சுத்தியலால் தட்டி அமிலம் தடவியிருக்கிறார்கள். பின்பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வாங்காதீர்கள்.

சுத்தம் செய்ய வெதுவெதுப்பான நீரும் பாத்திரச் சோப்பும் மென்துணியும் போதும். இரும்பு நார் கண்ணாடியின் பளபளப்பை நிரந்தரமாகக் கொன்றுவிடும்.

காகித விளம்பரத்தை இந்த ஈரப்பதத்தில் எப்படி வைப்பது?

நாளேட்டுத் தாளில் லிக்னின் என்ற மரப்பொருள் இருக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுப்பாகி அமிலமாகும், தாள் உடையும். நம் ஊரில் இதோடு பூஞ்சையும் சேர்ந்துகொள்கிறது. முதல் வேலையாக 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து வைத்துவிடுங்கள். பிறகு பாலியஸ்டர் உறையில், அமிலமற்ற அட்டையோடு, படுக்கை வாக்கில் வையுங்கள். பிவிசி உறை வேண்டாம். அது காலப்போக்கில் ஒட்டும், மையை உரித்துக்கொண்டு வரும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டால் அதை மறக்காமல் மாற்றுங்கள். ஈரத்தைக் குடித்து நிறைந்த பிறகு அதனால் பயனில்லை.

சட்டமிட்டுத் தொங்கவிட ஆசைப்பட்டால் தாள் கண்ணாடியைத் தொடக் கூடாது. இடையில் 3 முதல் 5 மில்லிமீட்டர் அட்டை விளிம்பு வேண்டும். மேற்கு வெயில் படும் வெளிச்சுவர், சமையலறைச் சுவர் இரண்டும் ஆகாது. சாமி அறைப் பக்கமும் வேண்டாம், சாம்பிராணிப் புகை சில ஆண்டுகளில் தாளை மங்கவைத்துவிடும். சுவரில் ஸ்கேன் பிரதி, பெட்டியில் அசல் என்று வைத்துக்கொள்வதே எங்கள் பரிந்துரை.

லாமினேட் செய்தால் போதாதா?

செய்யவே செய்யாதீர்கள். சூடான பசை தாளின் இழைக்குள் இறங்கிவிடும், திரும்ப எடுக்க வழியில்லை. அமிலமும் உள்ளேயே அடைபட்டுத் தாளைத் தின்னும். செலோடேப்பும் இதே பாவத்தைச் செய்கிறது.

விளம்பரத்தில் உள்ள நிறத்தையே என் மோட்டாருக்கு அடிக்கலாமா?

இந்தக் கேள்வியில்தான் நல்ல மோட்டார்கள் கெட்டுப்போகின்றன. விளம்பரத்தின் நிறம் சான்று அல்ல, துப்பு மட்டுமே. வெயில் பட்ட அச்சில் மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளிறி, எல்லாமே நீலமாகத் தெரியும். பல கையேடுகளில் புகைப்படத்தின் மேல் ஓவியர் தூரிகை ஓட்டியிருப்பார். வேறு நாட்டுக்கான படத்தை இங்கே போட்டதும் உண்டு. அப்படிப் போட்ட படத்தில் கண்ணாடி, சிக்னல் விளக்கு, சீட் எல்லாமே நம் ஊரில் விற்ற வண்டியிலிருந்து மாறியிருக்கும்.

வண்டியிலேயே தேடுங்கள். சீட்டுக்கு அடியில், பேட்டரி மூடிக்குப் பின்னால், ஹேண்டில் மூடிக்குள் என்று வெயில் படாத இடத்தில் அசல் நிறம் காத்திருக்கும். அங்கே 5 சென்டிமீட்டர் சதுரத்தை நைசான பாலிஷ் கொண்டு துடைத்து, அந்தப் பாகத்தையே பெயிண்ட் கடைக்கு எடுத்துப் போய் நிறம் அளக்கச் சொல்லுங்கள். கைப்பேசிப் படத்தைக் காட்டி நிறம் கலக்காதீர்கள்.

அதற்கும் முன் ஒரு வேண்டுகோள். அசல் பெயிண்டில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தால் அடிக்கவே வேண்டாம். உங்கள் அப்பாவின் முழங்கால் தேய்த்த தடம் அந்தப் பெயிண்டில்தான் இருக்கிறது, எந்தக் கடையிலும் அதைத் திரும்பப் பூச முடியாது. குரோம் பாகங்களில் மேலோட்டமான துருவை, கசக்கிய அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தே எடுத்துவிடலாம்.

15 ஆண்டாக நின்ற ஹோண்டா சி70 கப்சாயை எப்படிக் கிளப்புவது?

கிக்கரை மிதிக்கும் ஆசையை அடக்குங்கள். பிஸ்டன் வளையங்கள் துருவோடு ஒட்டியிருக்கும்போது மிதித்தால் சிலிண்டரில் கோடு விழும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளைக்குள் 5 மில்லி இன்ஜின் ஆயில் விட்டு ஒரு இரவு விடுங்கள். மறுநாள் கையால் கிக்கரை மெதுவாக அழுத்திச் சுழல்கிறதா என்று பாருங்கள். சுழலவில்லை என்றால் இன்னும் ஆயில் விட்டு இன்னொரு நாள் பொறுங்கள்.

டேங்கில் உள்ள பழைய பெட்ரோலை முழுதாக இறக்குங்கள், ஒரு சொட்டும் திரும்பப் பயன்படாது. உள்ளே துரு இருந்தால் பெட்ரோல் குழாயைக் கழற்றித் துளையை அடைத்து, ஒரு லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம் சிட்ரிக் அமிலம் என்ற கணக்கில் நிரப்பி 12 மணி நேரம் வையுங்கள். கொட்டியதும் சமையல் சோடா கரைத்த நீரால் அலசி, உடனே காயவைத்து, கொஞ்சம் டூ-டி ஆயிலை (டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கான ஆயில்) உள்ளே சுழற்றிப் பூசுங்கள். இந்த "உடனே" முக்கியம். நம் ஈரக்காற்றில் சுத்தமான இரும்பு சில நிமிடத்திலேயே மறுபடி செம்மண் நிறமாகும்.

கார்புரேட்டர் ஜெட் துளைகளைச் செம்புக் கம்பி இழையால் மட்டும் குத்துங்கள். இரும்புக் கம்பி துளையைப் பெரிதாக்கிவிடும். பிறகு வண்டி பெட்ரோலைக் குடிக்கும், காரணம் தெரியாமல் அலைவீர்கள்.

பிளக்கில் நெருப்புப் பொறி விழவைக்கும் தொடுமுனையான பாயிண்டின் முகத்தை நைசான எமரித்தாளால் துடைத்து, இடைவெளியை 0.3 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். இடைவெளியை மாற்றினால் நெருப்பு விழும் நேரமும் மாறும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். இன்ஜினின் இடது மூடிக்குள் சுழலும் சக்கரத்தில் உள்ள எஃப் கோடு, இன்ஜின் உடலில் உள்ள குறியைத் தொடும் கணத்தில் பாயிண்ட் பிரியத் தொடங்க வேண்டும். பிளக் சி7எச்எஸ்ஏ வகை, இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர்.

வால்வைத் தள்ளும் டேப்பட்டின் இடைவெளியை இன்ஜின் முழுதும் குளிர்ந்திருக்கும்போது சரிபாருங்கள். அதே சக்கரத்தை இடஞ்சுழியாகச் சுற்றி டி கோட்டைக் குறிக்கு நேராக்குங்கள். இரண்டு டேப்பட்டும் லேசாக ஆட வேண்டும். ஆடாவிட்டால் இன்னும் ஒரு முழுச் சுற்று. இரண்டுக்கும் 0.05 மில்லிமீட்டர். டக் டக் சத்தத்துக்குப் பயந்து இடைவெளியே இல்லாமல் இறுக்கிவிடும் பட்டறை ஃபோர்மென்கள் உண்டு. சத்தம் போகும், ஆனால் வால்வு முழுதாக மூடாமல் கருகிப்போகும். மெல்லிய சத்தம் கேட்பதே நல்லது.

ஆயில் கடைசியாக. பழையதைச் சூடாக இறக்கினால்தான் கசடும் வரும். ஃபோர்-ஸ்ட்ரோக் மோட்டாருக்கான ஃபோர்-டி ஆயில் மட்டும் ஊற்றுங்கள். இந்த வண்டியில் கிளச் அதே ஆயிலில் மூழ்கியிருப்பதால், உராய்வைக் குறைக்கும் கார் ஆயில் ஊற்றினால் கிளச் வழுக்கும். 600 மில்லி ஊற்றிய பின் நடு ஸ்டாண்டில் நிறுத்தி அளவுக்கோலைப் பாருங்கள். கோலைத் திருகாமல், சும்மா வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். வலது மூடிக்குள் சுழன்று கசடு பிடிக்கும் வடிகட்டியும், அதன் கீழே ஒரு வலையும் இருக்கின்றன. ஒருமுறை திறந்து கழுவினால் மேல்பகுதிக்கு ஆயில் ஏறுவது உறுதி.

கியர் போட்டதும் வண்டி தானாக நகர்ந்தால் கிளச் திருகைச் சரிசெய்யுங்கள்: பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகை வலப்பக்கம் ஒரு சுற்று, பிறகு தடை தட்டும் வரை மெதுவாக இடப்பக்கம், அங்கிருந்து மறுபடி வலப்பக்கம் எட்டில் ஒரு பங்கு. திருகு அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள்.

பிரேக் டிரம்மைத் திறந்தால் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்கு விஷம். ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டிப் போடுங்கள். டயரில் எவ்வளவு பூ (தரையைப் பிடிக்கும் வரிப்பள்ளம்) மிச்சம் இருந்தாலும், ஓரத்தில் வெடிப்பு இருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு ஆயில் எவ்வளவு கலப்பது?

வண்டிக்கு வண்டி மாறும். 2 சதவீதம் என்று குறித்த வெஸ்பாவுக்கு 5 லிட்டர் பெட்ரோலில் 100 மில்லி. 5 சதவீதம் கேட்கும் முந்தைய வெஸ்பாவுக்கு 250 மில்லி. பிஎஸ்ஏ பேண்டம் போன்ற பழைய பிரிட்டிஷ் வண்டிகளும் ஏறக்குறைய அதே அளவு கேட்பவை. 133 சிசி யமஹா ஆர்எக்ஸ்-இசட் வைத்திருப்பவர் கலக்க வேண்டாம், அதில் தனி ஆயில் பம்ப் இருக்கிறது. ஆனால் ஆயில் டேங்கு வற்றியபடி நின்ற வண்டி என்றால் பம்புக்குள் காற்று புகுந்திருக்கும். காற்றை வெளியேற்றும் வரை பெட்ரோலிலும் 2 சதவீதம் கலந்து ஓட்டுங்கள். இல்லையேல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

விளம்பரம் சொன்ன மைலேஜ் ஏன் வருவதில்லை?

ஜப்பானிய எண்கள் பெரும்பாலும் சமதளத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் என்ற சீரான வேகத்தில் அளந்தவை. கோலாலம்பூரின் ஜாலான் ஈப்போ நெரிசலில் அது நடக்காது. கேலன் கணக்கிலும் கவனம் வேண்டும். கேலனுக்கு 200 மைல் என்றால் பிரிட்டிஷ் கேலனில் லிட்டருக்கு சுமார் 71 கிலோமீட்டர், அமெரிக்க கேலனில் 85.

காலை மறைக்கும் முன்பக்க லெக் ஷீல்டு விரிசலுக்கு எந்தப் பசை?

எதுவும் நிற்காது. அது பாலிஎத்திலீன் போன்ற பிளாஸ்டிக், சூப்பர் க்ளூ ஒரு வாரத்தில் விட்டுவிடும். விரிசலின் முனையில் 3 மில்லிமீட்டர் துளையிட்டு ஓட்டத்தை நிறுத்தி, அதே வகைப் பிளாஸ்டிக் துண்டைச் சூட்டில் உருக்கிப் பின்பக்கமாக ஒட்டவையுங்கள்.

கிராண் (வாகனப் பதிவு ஆவணம்) அப்பாவின் பெயரிலேயே இருக்கிறது. என்ன செய்வது?

பெயிண்டுக்குச் செலவழிக்கும் முன் இதை முடியுங்கள். வண்டியின் சட்டகத்திலும் இன்ஜினிலும் பொறித்த எண்கள் கிராணில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பாருங்கள். இன்ஜின் மாற்றிய வண்டி என்றால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேவில் அது பதிவாகியிருக்க வேண்டும். பொறித்த எண் மேல் மணல் அடிக்கவோ தேய்க்கவோ விடாதீர்கள். எண் அழிந்த வண்டியைச் சாலையில் இறக்குவது பெரும் சிக்கல். உரிமையாளர் காலமாகியிருந்தால் வாரிசுச் சொத்துகளைக் கவனிக்கும் அமானா ராயா நிறுவனம் அல்லது நீதிமன்றம் வழியாக வாரிசு ஆவணம் பெற்று, அதோடு ஜேபிஜேவுக்குப் போங்கள். 150 சிசி வரை ரோட் டேக்ஸ் பெரிய செலவில்லை, காப்புறுதி தனி. 1992 முதல் பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்பதால், 6 வோல்ட் வண்டியில் விளக்குச் சுருளையும் பல்பையும் சேர்த்துச் சரிபாருங்கள். 12 வோல்ட் பல்பு போட்டால் மங்கலாக எரியும்.

பழைய விளம்பரத்தைச் சட்டையில் அச்சிட்டு விற்கலாமா?

வீட்டில் மாட்டிக்கொள்ளப் பிரதி எடுப்பது வேறு, விற்பது வேறு. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படத்துக்கும் ஓவியத்துக்கும் பாதுகாப்பு பொதுவாக அவற்றை உருவாக்கியவர் மறைந்த பிறகு 50 ஆண்டு வரை. அந்தக் காலம் முடிந்திருந்தாலும், விளம்பரத்தில் உள்ள ஹோண்டாவின் சிறகுச் சின்னமும் யமஹாவின் மூன்று இசைக்கவைச் சின்னமும் பதிவுபெற்ற வணிகக் குறிகள். புதுப்பித்துக்கொண்டே இருக்கும் வரை அவற்றின் உரிமை நீடிக்கும். விற்பதற்கு நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும்.